குளம் மூச்சு வாங்கிய கோடை

தென்காசியில் ரயில்வே கேட்டைத் தாண்டி மலையைப் பார்த்துப் போகிற தெருக்களில் கடைசித் தெருவில், எப்சிபா சிஸ்டர் வீட்டுத் தோட்டத்திலிருந்த சின்னக் குளம், உலகம்மாள் டீச்சர் இறந்த தை மாதம் கழிந்து மாசி பிறந்த ஒரு காலையில் மூச்சுவிடத் தொடங்கியது. தண்ணீர் மெல்ல மேலே எழும்பியது, கொஞ்சம் நின்றது, பிறகு இறங்கியது. இறங்கும்போது அடியிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி வந்து மேலே உடைந்தன. கடைசிக் குமிழி உடைகிற இடத்தில் சன்னமாக ஒரு விசில் சத்தம் கேட்டது. அது அடங்கியதும் தண்ணீர் மறுபடி எழும்பியது.

பல் தேய்க்க வெளியே வந்த எப்சிபா, வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றாள். அவளுக்கு அந்த விசிலைத் தெரியும். உலகம்மாளுக்கு இளவயதில் வாலிபால் வந்து மூக்கில் அடித்து எலும்பு வளைந்துபோனது. அதிலிருந்து அவள் ஆழ்ந்து மூச்சுவிட்டால் கடைசியில் இடது நாசியில் ஒரு விசில் வரும். பள்ளிக்கூட மைதானத்தில் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு ஊதுகிற விசிலைப் போல இல்லாமல், யாரோ தூரத்தில் நின்று ரகசியமாகக் கூப்பிடுகிற மாதிரியான விசில். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்துத்தான் எப்சிபா தன் ஆயுசில் பாதித் தூக்கத்தைத் தூங்கியிருக்கிறாள்.

அவள் வாயைக் கொப்பளித்தாள், முகத்தைக் கழுவினாள், முந்தானையில் துடைத்துக்கொண்டாள், குளத்துக் கரையில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா?" என்றாள்.

குளம் மூச்சுவிட்டது.

எப்சிபா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். உலகம்மாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இருவரும் இளவயதில் ஒரே வாடகை வீட்டில் ஆளுக்கொரு அறையாகக் குடியேறி, பிறகு இந்த இடத்தை வாங்கி வீடு கட்டி, தலை நரைக்கிற வரைக்கும் ஒன்றாகவே இருந்துவிட்டார்கள். ஒருத்தி சர்ச்சுக்குப் போகிறவள், ஒருத்தி கோயிலுக்குப் போகிறவள் என்பதால் சொந்தக்காரர்கள் என்று சொல்ல வழியில்லை. வேறு என்னவென்று சொல்வது என்று தெரியாத தெரு, 'டீச்சரும் சிஸ்டரும்' என்று ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகி, அதற்கு மேலே யோசிக்காமல் விட்டுவிட்டது.

டீச்சருக்கு நுரையீரலில் நோய் வந்தபோது எப்சிபாதான் முதுகைத் தட்டிவிட்டாள், சளியை எடுத்தாள், ஆக்சிஜன் சிலிண்டரை வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டினாள். இனி நாள் இல்லை என்றானபோது புளியங்குடிப் பக்கத்திலிருந்து டீச்சரின் தம்பி கார் எடுத்துக்கொண்டு வந்தார். "எங்க வீட்டுப் பொம்பள, எங்க வீட்டுல இருந்து போறதுதான் முறை," என்றார். முறை என்ற சொல்லுக்கு எதிராகச் சொல்ல எப்சிபாவிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. போர்வையை மடித்து, மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். இறந்த செய்தி போனில் வந்து, இவள் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மாலைகள் போட்டு முடிந்திருந்தது. பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். "இவிய யாரு?" என்று ஒருத்தி கேட்டாள். "அக்கா கூட வேல பாத்தவிய," என்றார் தம்பி. இருவரும் ஒருநாளும் ஒரே இடத்தில் வேலை பார்த்ததில்லை. எப்சிபா எழுந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, இனிமேல் யாருக்காகவும் சத்தம் போடாமல் நடக்க வேண்டியதில்லை என்பது நினைவு வர, நடுவீட்டில் நின்றாள்.

குளம் டீச்சருடையது. ஓய்வு பெற்ற கையோடு ஆள் வைத்துத் தோண்டி, சிமெண்டு பூசி, கரையில் கல் பதித்து, அல்லி நட்டு, சிவப்பும் வெள்ளையுமாக மீன் வாங்கி விட்டவள் அவள். சின்ன மோட்டார் ஒன்றில் குழாய் மாட்டி, குழாய் நுனியில் நுரைக்கல்லைக் கட்டி அடியில் போட்டிருந்தாள். பகல் முழுக்க அது குமிழி விட்டுக்கொண்டே கிடக்கும். கரண்டு போனால் டீச்சர் சும்மா இருக்கமாட்டாள். செம்பில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவாள். "மேல இருந்து விழுந்தாத்தான் தண்ணி காத்தை இழுத்துட்டுப் போகும்," என்பாள். எப்சிபா பாசத்தில் தீனியை அள்ளிப் போட்டால், "ஏட்டி, மிச்சம் அழுகும், அழுகினா காத்து போயிரும், கொல்லணும்னே போடுதியா?" என்று ஏசுவாள்.

அவள் போனபிறகு எப்சிபா தோட்டத்துப் பக்கமே திரும்பவில்லை. மோட்டார் சூடாகி நின்றது. மாவிலை விழுந்து ஊறியது. ஒருநாள் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மீன்களெல்லாம் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வார்டில் அப்படிப்பட்ட வாய்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலைதான் குளம் மூச்சுவிடத் தொடங்கியது. மீன்கள் அடிக்குப் போய்த் தங்கள் பாட்டுக்கு நீந்தின.

தெருவுக்கு இந்தச் செய்தி பால் ஊற்றுகிறவள் மூலம் போய்ச் சேர்ந்தது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஊருக்குள் புகுந்து, கொடியில் கிடக்கிற வேட்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போடுகிற காற்றோடு பிறந்ததிலிருந்து குடித்தனம் நடத்துகிறவர்கள் அவர்கள். அதில் ஒரு பிடிக் காற்று வழிதவறி ஒரு குளத்துக்குள் போய் மாட்டிக்கொள்வது அப்படியொன்றும் நடக்காத விஷயமில்லை என்றுதான் அவர்களுக்குப் பட்டது. தெரு நலச்சங்கத் தலைவர் சண்முகவேலாயுதம் மின்சார வாரியத்தில் இருந்தவர். டெஸ்டரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்து, "கரண்டு லீக் இல்ல, பயப்படாண்டாம்," என்று சொன்னார். அதோடு எல்லோருக்கும் மனசு சமாதானமாகிவிட்டது.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இழுப்பு உள்ளவர்கள் காலையில் வந்து கரையில் உட்கார்ந்து, தண்ணீர் எழும்பும்போது இழுத்து, இறங்கும்போது விட்டு, நெஞ்சு லேசாகி எழுந்து போனார்கள். தூங்காத கைக்குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டால் விசில் வருவதற்குள் தூங்கியது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் இருவரையும் கூட்டிவந்து கரையில் உட்காரவைத்தார்கள். அந்த மூச்சுக்கு நடுவில் சத்தம் போட முடியவில்லை, சத்தம் போடாமல் அந்தச் சண்டையைப் பிடிக்கவும் முடியவில்லை. யாரோ கல்லில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். எப்சிபா ஈரத்துணியால் துடைத்தாள், மறுநாளும் வைத்தார்கள், மறுநாளும் துடைத்தாள். கடைசியில் தண்ணீர் படாத வெளிப்பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் பேசாமலே ஒரு முடிவுக்கு வந்தன. எப்சிபாவின் சர்ச்சிலிருந்து சபை ஐயரும் ஒருநாள் வந்தார். கண்ணை மூடி ஜெபம் பண்ணினார், பிறகு மீனுக்கு என்ன போடுகிறீர்கள் என்று விசாரித்தார். சங்கத்திலிருந்து ஒரு சிமெண்டு பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் கேட்டில் நுழையும்போதே, "இன்னைக்கு எப்படி இருக்கு, சிஸ்டர்?" என்று கேட்டார்கள். குளத்தைத்தான் கேட்டார்கள். "நல்லா இருக்கு," என்று எப்சிபா சொன்னாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அந்த மூச்சு யாருடையது என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புளியங்குடிக்குச் சேதி போகும், அங்கிருந்து கார் வரும், இதையும் ஏதாவதொரு முறைப்படி எடுத்துக்கொண்டு போவார்கள் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. கூட்டம் கலைந்த மத்தியானங்களில் பிளாஸ்டிக் சேரை மாமர நிழலில் இழுத்துப் போட்டு, கரையில் காலை நீட்டி, அந்த விசிலைக் கேட்டபடி தூங்கினாள். தை மாதத்திலிருந்து அவளுக்குக் கிடைத்த தூக்கம் அதுதான்.

பங்குனியில் கார் வரத்தான் செய்தது. டீச்சரின் தம்பி, அக்காவின் சர்வீஸ் காகிதங்களை எடுத்துப்போக வந்திருந்தார். எடுத்து முடித்து வெளியே வந்தவர், குளத்துப் பக்கம் காதைக் கொடுத்து நின்றார். எப்சிபா அவருக்கும் குளத்துக்கும் நடுவில் போய் நின்றாள்.

"என்ன சத்தம், மோட்டாரா?" என்றார்.

"ம்."

"பழசாப் போச்சு போல. விசிலடிக்கு. கிரீஸ் போடச் சொல்லுங்க."

அவர் காரில் ஏறிப் போனார். தப்பித்தோம் என்று ஒரு மூச்சு சந்தோஷப்பட்ட எப்சிபாவுக்கு, அடுத்த மூச்சில் அழுகை வந்தது. கூடப் பிறந்தவனுக்குத் தெரியாத அந்தச் சத்தத்தை இந்த உலகத்தில் இனி தான் ஒருத்திதான் அறிவாள் என்பது, ஒரு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாகக் குடியிருப்பது போல அவளுக்குத் தோன்றியது.

சித்திரை பிறந்ததும் வெயில் ஏறியது. மலை தகரம் மாதிரி வெளுத்து நின்றது, அருவியில் பாறைதான் தெரிந்தது. குளத்துத் தண்ணீர் மத்தியானத்தில் கை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது. மூச்சு மாறத் தொடங்கியதை முதலில் கேட்டவள் எப்சிபா. ஏற்றம் குறைந்து, வேகம் கூடியது. இறங்கும்போது நடுவில் ஒரு தடுக்கல் வந்தது. தண்ணீர் எழும்பும்போது கரையோரக் கற்கள் மேலே இழுபட்டன, விலா எலும்பு தெரிய மூச்சு வாங்குகிறவளின் தோள்கள் இழுபடுகிற மாதிரி. தெருக்காரர்கள், "நல்லா வேகமா விடுது இப்ப," என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

எப்சிபா பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வண்ணமீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவில் விசிறியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி சுட்டா அதுல காத்து தங்காதுக்கா," என்றார் அவர். "வெயில் நேரத்துல மீனுக்குக் காத்து கூட வேணும், தண்ணியில இருக்கது கொறச்சல். அழுகுன இலை, மிச்சத் தீனி எல்லாம் இருக்க காத்தையும் தின்னுரும். நிழல் வேணும், மேல்தண்ணி அசையணும். இப்ப உங்க குளத்துல காத்துக்கு என்ன வச்சிருக்கிய?"

"ஒரு ஆள் பாத்துக்கிடுது."

கடைக்காரர் சிரித்தார். "ஒத்த ஆளால முடியுமாக்கா, இந்த வெயிலுக்கு?"

அவள் இரண்டு மோட்டாரும் குழாயும் நுரைக்கல்லும் பச்சை நிழல்வலையும் வாங்கிக்கொண்டு வந்தாள். ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே சேதி பரவி, சண்முகவேலாயுதமும் இன்னும் சிலரும் தோட்டத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

"சிஸ்டர், தானா நடக்கதுக்கு எதுக்கு மெஷின்?" என்றார் சண்முகவேலாயுதம். "இதைப் போட்டு, அது நின்னுட்டுன்னா?"

"எங்க அத்தைக்கு இதைக் கேட்டுத்தான் இழுப்பு கொறஞ்சிருக்கு," என்றாள் ஒருத்தி. "அதைக் கெடுத்துராதிய."

"அதுக்கு மூச்சு வாங்குது," என்றாள் எப்சிபா.

"வாங்கட்டுமே. வாங்கி விடத்தானே செய்யுது."

எப்சிபா மோட்டார் டப்பாக்களை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் தள்ளினாள். தெரு வேண்டாம் என்கிறது, என்ன செய்ய, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர்கள் தடுத்ததில் தனக்கு எவ்வளவு நிம்மதி என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. மோட்டார் ஓடினால் குளத்துக்கு அந்த மூச்சு தேவைப்படாது. தேவையில்லாத இடத்தில் உலகம்மாள் ஒருநாளும் உட்கார்ந்திருந்தவள் இல்லை, பந்தி முடிந்த கல்யாண வீட்டில்கூட. அப்புறம் இந்த வீட்டில் என்ன இருக்கும்? அடுப்படி இருக்கும், கட்டில் இருக்கும், காலண்டர் இருக்கும். ஆகவே அவள் காலையும் மாலையும் செம்பால் மொண்டு ஊற்றினாள், இலையைப் பொறுக்கினாள், வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் சேர்த்தாள். எல்லாம் செய்தாள், அந்த ஒன்றை மட்டும் செய்யவில்லை. குளம் இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம், சேரில் கண்ணயர்ந்திருந்தவள் திடுக்கிட்டு விழித்தாள். சத்தம் நின்றிருந்தது. தண்ணீர் அசையாமல் பளபளத்தது. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பிறகு ஒரு பெரிய மூச்சு வந்தது, அடுத்தடுத்து வேகவேகமாகச் சில மூச்சுகள் வந்தன, மறுபடி நின்றது. எப்சிபாவுக்கு அந்த இடைவெளியைத் தெரியும். வார்டில் அதைக் கேட்டுவிட்டால் டாக்டரைத் தேடமாட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்களை உள்ளே கூப்பிடச் சொல்வார்கள். அவளே எத்தனையோ தடவை வெளியே போய், "உள்ள வாங்க, பக்கத்துல நில்லுங்க," என்று கூப்பிட்டிருக்கிறாள். இப்போது கூப்பிட யாரும் இல்லை. கூப்பிடவேண்டிய ஆளாக அவளே அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குமேல் அவள் கைகள் யோசிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்துக்குள் இறங்கினாள். தண்ணீரை மூடிக்கிடந்த அல்லி இலைகளில் பாதியை அறுத்து வெளியே போட்டாள். அடியில் ஊறிக்கிடந்த கறுப்பு இலைகளைக் கூடையால் அரித்து எடுத்தாள். மாமரத்துக்கும் சுவருக்குமாக நிழல்வலையை இழுத்துக் கட்டினாள். கிணற்றுக் குழாயைத் திறந்து, கல்லில் விழுந்து தெறிக்கிற மாதிரி மெல்லத் தண்ணீர் விட்டாள். நுரைக்கற்களை இரண்டு மூலையிலும் இறக்கினாள், தலையணையைச் சரிசெய்கிற பதமாக. பிறகு மேலே ஏறி, கையைத் துடைத்து, சுவிட்சைப் போட்டாள்.

குமிழிகள் திரைதிரையாக எழுந்தன. எப்சிபா கரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விட்டாள்.

முதலில் அந்த இடைவெளி குறைந்தது. பிறகு வேகம் அடங்கியது. கற்கள் இழுபடுவது நின்றது. மாசி மாதத்தில் இருந்ததைப் போல, அதற்கும் முன்னால், நோய் வருவதற்கு முந்திய காலத்தில் பக்கத்துக் கட்டிலில் கேட்டதைப் போல, நீளமாக, அவசரமில்லாமல் மூச்சு வந்தது. விசிலும் வந்தது. தண்ணீர் எழும்பி அவள் முழங்காலைத் தொட்டு இறங்கியது.

"புளியங்குடியில நான் பக்கத்துல இல்ல," என்றாள் எப்சிபா. "என்னைக் கூப்பிடல. நானும் கேக்கல. கேட்டிருக்கணும்."

தண்ணீர் எழும்பி இறங்கியது.

"மீனை நான் பாத்துக்கிடுதேன், உலகு. தீனி கொஞ்சமாத்தான் போடுவேன். கரண்டு போனா மொண்டு ஊத்துதேன். நீ தூங்கு."

வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்து, தரையிலிருந்தும் போயிற்று. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே நேரம் கூடிக்கொண்டே வந்தது. அதில் இழுப்பு இல்லை, பாடு இல்லை. ஒரு தடவை தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது, இறங்கியது. விசில் வருகிறதா என்று எப்சிபா கேட்டாள். அவ்வளவு மெல்ல வந்தது, வந்ததா இல்லையா என்று அவளால் சத்தியம் பண்ண முடியாது. அதற்குப் பிறகு மோட்டார்களின் சத்தம் மட்டும் இருந்தது. மீன்கள் குமிழிகளுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து போயின. அவள் காலை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் வந்தவர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். சண்முகவேலாயுதம் குனிந்து காதை வைத்தார். "நின்னுட்டு," என்றார். "சொல்லச் சொல்லக் கேக்காம," என்று, அத்தைக்கு இழுப்பு குறைந்ததாகச் சொன்னவள் முணுமுணுத்தாள். எப்சிபா கேட்டுக்கொண்டு நின்றாள். அவர்களுக்கு அவள்மேல் கோபம் என்பதைவிட, போக்கிடம் ஒன்று போன வருத்தம்தான் அதிகம். ஆனாலும் சாயங்காலத்துக்குள் சங்கத்து பெஞ்சை நாலுபேர் பிடித்துத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குத் தூக்கிப்போய்விட்டார்கள்.

பெஞ்சு போன கொஞ்ச நேரத்தில், எதிர்வீட்டு மைதீன்பாத்து கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். வாசல் ஜன்னலோரம் மெஷினைப் போட்டுத் துணி தைக்கிறவள் அவள். பேச்சுக் குறைவு. தெருவே குளத்தைப் பார்க்க வந்த மாதங்களில் அவள் ஒருநாளும் வந்ததில்லை. ஒரு கையில் மூடிபோட்ட தூக்குச்சட்டி, இன்னொரு கையில் தட்டு. யாரையும் கேட்காமல் அடுப்படிக்குள் போனாள். எப்சிபா பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தீப்பெட்டியை எடுத்திருந்தாள். மைதீன்பாத்து அதைக் கையிலிருந்து வாங்கி மேலே வைத்தாள்.

"இன்னைக்கு அடுப்பு பத்த வைக்காதிய," என்றாள். "மூணு நாளைக்கு எங்க வீட்டுல இருந்து வரும்."

எப்சிபா அவளைப் பார்த்தாள்.

"உக்காருங்க. கஞ்சியும் தேங்காத் தொவையலும். சூடு ஆறிரும்."

"உங்களுக்கு எப்படி..."

"டீச்சர் காலையில ஓடிட்டு வந்து எங்க வீட்டு நடையில கையை ஊனி நின்னு மூச்சு வாங்குவாவ. இத்தன வருசம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேட்டிருக்கேன். அந்த விசில் எனக்குத் தெரியாதா?" மைதீன்பாத்து தட்டைக் கழுவி வைத்தாள். "அதான் நான் வரல. அவிய மூச்சு விடதை நான் வந்து வேடிக்க பாக்கதான்னு இருந்துச்சு. அது உங்க வீட்டு விசயம்."

உங்கள் வீட்டு விஷயம் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை. எப்சிபா உட்கார்ந்தாள். மைதீன்பாத்து கஞ்சியை ஊற்றினாள். எப்சிபா முதல் வாயை எடுத்தாள். தை மாதத்திலிருந்து உள்ளேயே கிடந்தது எல்லாம் அப்போது வெளியே வந்தது. வார்டில் இத்தனை வருஷம் எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்த எப்சிபா, அதே போல வாயைத் திறந்து, தோள் குலுங்க அழுதாள். மைதீன்பாத்து அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழுது ஓய்ந்தபிறகு மறுபடி கஞ்சித் தட்டை நகர்த்தினாள். எப்சிபா சாப்பிட்டாள். பாதித் தட்டு ஆனபோது மைதீன்பாத்து எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"டீச்சரை மொதமொதல்ல எங்க பாத்திய?" என்று கேட்டாள்.

எப்சிபா கையைத் தட்டில் வைத்தபடி யோசித்தாள். மறந்துபோனதனால் யோசிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை என்பதால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியிலதான்," என்றாள் கடைசியில். "மூக்குல ரத்தமா ஒழுகிட்டு வந்து நின்னா. வலிக்கான்னு கேட்டேன். பந்தை விடலன்னு சொன்னா..."

தோட்டத்தில் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. மைதீன்பாத்து இன்னொரு கரண்டிக் கஞ்சி ஊற்றி, "பொறவு?" என்றாள்.